டிஷ் மோட்டர் கிழக்கே 95 டிகிரியைத் தாண்ட மாட்டேன் என்கிறது, யாராவது உதவுங்கள்

தலவாக்கலை_டிஷ்:
வணக்கம். 8 அடி வலை டிஷ், போலார் மவுண்ட் (ஓர் அச்சில் கிழக்கு மேற்காகத் திரும்புகிற தாங்கி), 18 அங்குல ஆக்சுவேட்டர் (நீண்டு சுருங்கி டிஷ்ஷைத் திருப்புகிற மோட்டர் கை), அதை ஓட்டுகிற 36 வோல்ட் பொசிஷனர் பெட்டி. எல்லாம் ஒருவர் பாவித்து விற்ற சாமான், லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் பைப் நட்டுப் பொருத்தியிருக்கிறேன். மேற்கே 68.5, 66 டிகிரி சாட்டிலைட் இரண்டும் தெளிவாக வருகின்றன, கிழக்கே 95 வரை சரி, அதற்கு மேல் பட்டனை அமுக்கினாலும் பெட்டியில் நம்பர் ஓடுவதில்லை. எனக்கு 105.5 வேண்டும், முடிந்தால் மேற்கே 57உம். கடையில் 24 அங்குலக் கை வாங்கு என்கிறார்கள், இப்போது அதற்குக் காசில்லை. கிழக்குப் பக்கம் கிரேட் வெஸ்டர்ன் வேறு நிற்கிறது, மலை மறைக்குமோ?

பண்டாரவளை_அண்ணன்:
தம்பி, மலையை விடுங்கள். நம் ஊரிலிருந்து 105.5 ஏறத்தாழ 60 டிகிரி உயரத்தில் நிற்கும், அதை மறைக்க வேண்டுமென்றால் மலை உங்கள் கூரைக்கு மேலேயே இருக்க வேண்டும்.

66இலிருந்து 95 வரை போக டிஷ் திரும்புவது சுமார் 34 டிகிரிதான். 57இலிருந்து 105.5 வரைக்கும் 57 டிகிரி போதும். 18 அங்குலக் கை சரியாகப் பொருத்தியிருந்தால் 80 டிகிரி சாதாரணமாகத் தரும், அதனால் புதுசு வாங்காதீர்கள். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை கையின் குழாய் எத்தனை அங்குலம் நகர்கிறது என்று டேப் பிடித்து அளந்து சொல்லுங்கள்.

ஹட்டன்_வயர்மேன்:
கை பிடித்திருக்கிற கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் தள்ளி வைத்தால் கிழக்கே போகுமே?

பண்டாரவளை_அண்ணன்:
போகும், ஆனால் மேற்கே அந்த அளவு குறைந்துவிடும். கிளாம்பைத் தள்ளினால் வீச்சு கூடாது, இடம்தான் மாறும்.

தலவாக்கலை_டிஷ்:
அளந்தேன் அண்ணே, 8 அங்குலம்தான் நகர்கிறது. மீதி உள்ளேயே கிடக்கிறது.

பண்டாரவளை_அண்ணன்:
அப்படியென்றால் நடுவில் ஏதோ நிறுத்துகிறது. முதலில் பெட்டியில் கிழக்கு, மேற்கு எல்லை போட்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் பெட்டியின் கணக்கு நழுவி, அந்த எல்லை தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறமும் நின்றால், கிழக்குப் பட்டனை ஒருவர் அமுக்கிப் பிடிக்க நீங்கள் மோட்டர் முனையில் மீட்டரை வையுங்கள். 36 வோல்ட் வந்தும் மோட்டர் சுற்றாமல் நின்று, மேற்கே மட்டும் ஒழுங்காகத் திரும்பினால் உள்ளே இருக்கிற, கையை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் நிறுத்துகிற லிமிட் சுவிட்ச்தான். வோல்ட்டே வரவில்லையென்றால் பெட்டியையோ வயரையோ பாருங்கள்.

தலவாக்கலை_டிஷ்:
எல்லையை அழித்தும் அதே இடத்தில் நிற்கிறது. 36 வருகிறது, மோட்டர் அசையவில்லை, மேற்கே திரும்புகிறது.

பண்டாரவளை_அண்ணன்:
சரி, மெயினைக் கழற்றிவிட்டு மோட்டர் மூடியைத் திறங்கள். சின்னப் பல்சக்கரத்தோடு இரண்டு பிளாஸ்டிக் வட்டு இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சுவிட்சை அமுக்கும், ஒன்று கை நீளுவதற்கு, மற்றது சுருங்குவதற்கு. திருகைத் தளர்த்தி வட்டைக் கொஞ்சமாகத் திருப்பி, மூடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது மிச்சம் வைத்து நிறுத்துங்கள். சுவிட்சையே எடுத்துவிட்டு நேராக வயர் கொடுக்கச் சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள், திருகுத்தண்டு முட்டி இறுகினால் பிறகு கழற்றவே முடியாது. மூடும்போது ரப்பர் வளையத்தைப் பார்த்து வையுங்கள், இந்த மழைக்கும் பனிமூட்டத்துக்கும் உள்ளே தண்ணீர் இறங்கினால் சுவிட்ச் துருப்பிடிக்கும்.

தலவாக்கலை_டிஷ்:
வந்துவிட்டது! விற்ற ஆள் வட்டை இறுக்கி வைத்திருக்கிறார். 105.5 நல்ல சிக்னல், 57உம் வருகிறது. இனி 138 வரை தள்ளலாமா? கை டிஷ்ஷில் பிடிக்கிற இடத்தை அச்சுக்குக் கிட்டே மாற்றினால் வீச்சு கூடும் என்று படித்தேன்.

பண்டாரவளை_அண்ணன்:
கூடும், ஆனால் இங்கே நான் செய்ய மாட்டேன். 138க்கு நடுவிலிருந்து 65 டிகிரி கிழக்கே சாய வேண்டும். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 7 டிகிரியில் இருப்பதால் மவுண்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது, டிஷ் சாயச்சாய அதன் பாரமெல்லாம் அந்தக் கையில் தொங்கும். கிட்டே பிடித்தால் இழுக்கிற பலமும் குறையும், ஆட்டமும் கூடும். கையும் அச்சும் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டால் மோட்டர் ஓடினாலும் டிஷ் திரும்பாது, ஆடிக் காற்றில் மறுபக்கம் கவிழவும் பார்க்கும். அதோடு 138 அங்கே வெறும் 24 டிகிரி உயரம், மலை இல்லாவிட்டாலும் சவுக்கு மரம் மறைக்கும். 138 கட்டாயம் வேண்டுமென்றால் கை இல்லாமல் பல்சக்கரத்தில் சுற்றுகிற மவுண்ட் தேடுங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு சின்ன டிஷ்.

ஹட்டன்_வயர்மேன்:
என்னிடம் 6 அடி டிஷ் ஒன்று சும்மா கிடக்கிறது தம்பி, ஏற்றிக்கொண்டு போக ஆள் இருந்தால் வாருங்கள்.