யாழினிக்கு ஹுவா சோங்: சிங்கப்பூரில் எங்கள் குடும்பக் குழுவில்

நான்: யாழினிக்குத் தொடக்கக் கல்லூரியில், அந்த இரண்டு வருட ஏ லெவல் படிப்புக்கு, இடம் வந்துவிட்டது. ஹுவா சோங்! முதலாவதாகப் போட்டதே கிடைத்துவிட்டது 🙏

அண்ணி: அடி சக்கை! வாழ்த்துகள் கண்ணு ❤️❤️

தம்பி: சூப்பர் யாழி. ஆனால் அக்கா, அது சீனப் பள்ளி ஆயிற்றே? நம் பிள்ளை அங்கே தனியாய் நிற்காதா?

யாழினி: சின்ன மாமா, பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். உயர்நிலைப் பிரிவில்தான் பையன்கள் மட்டும், தாய்மொழியும் சீனம்தான். நான் போவது கல்லூரிப் பிரிவு. அங்கே பெண்கள் உண்டு, எல்லா இனத்தவரும் உண்டு.

தம்பி: தமிழ்?

யாழினி: உயர்நிலை முடிவில் எழுதிய ஓ லெவல் தேர்விலேயே உயர்தமிழ் முடித்துவிட்டேன் மாமா. இனி தாய்மொழிப் பாடம் கட்டாயமில்லை 😎

பெரிய அண்ணன்: வாழ்த்துகள் யாழினி. அந்தப் பள்ளி சாதாரணப் பள்ளி இல்லை. கொஞ்சம் எழுதுகிறேன், பொறு.

தம்பி: போச்சு. வரலாற்று வாத்தியார் கண்ணாடி மாட்டிவிட்டார்.

பெரிய அண்ணன்: 1919 மார்ச்சில் நிவன் ரோட்டில் உயர்நிலைப் பள்ளியாக ஆரம்பித்தார்கள். டான் கா கீ முன்னால் நின்று மற்ற சீன வணிகர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய காரியம். அதற்கு முன்னால் இங்கே சீன மொழியில் தொடக்கப்பள்ளிதான். மேலே படிக்க வேண்டுமென்றால் கப்பல் ஏறிச் சீனாவுக்குத்தான் போக வேண்டும். ஹொக்கியன், தியோச்சு, கண்டனீஸ் என்று சீனர்களில் ஒவ்வொரு பேச்சுமொழிக் கூட்டமும் தனித்தனியே பள்ளி வைத்திருந்த காலம் அது. இது எல்லாருக்கும் பொதுவான பள்ளி. 1925-இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது.

யாழினி: அந்த வெள்ளைக் கட்டடம்! மணிக்கூண்டு! ஓப்பன் ஹவுஸ் போனபோது எடுத்த படம் 👇
📷 படம்

அண்ணி: பழைய காலத்துக் கட்டடம் மாதிரி இருக்கிறதே.

பெரிய அண்ணன்: பழையதுதான். 1925-இல் கட்டியது. 1999-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

நான்: டான் கா கீ என்பது எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயர் இல்லையா அண்ணா?

பெரிய அண்ணன்: ஆமாம், அந்த நிலையம் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மனிதர் ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்தார். 1921-இல் சீனாவில் சியாமென் பல்கலைக்கழகத்தையும் அவர்தான் தொடங்கினார். உலகப் பொருளாதார மந்தத்தில் தொழில் ஆட்டம் கண்டு 1934-இல் கம்பெனியை மூடும் நிலை வந்தது. அப்படியும் பல்கலைக்கழகத்துக்கு 1937 வரை பணம் தேடிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முடியாத கட்டத்தில்தான் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். ஜப்பான்காரன் வந்தபோது ஜாவாவுக்குத் தப்பிப் போய் ஒளிந்திருந்தார். சீனப் போர் நிவாரண நிதிக்குத் தலைவர் அவர், பிடித்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். பள்ளியும் 1942 முதல் 1945 வரை மூடிக் கிடந்தது.

தம்பி: சரி, இதெல்லாம் பணக்காரர் கதை. மாணவர் கலவரம் என்று ஏதோ சொல்வார்களே?

பெரிய அண்ணன்: அதைத்தான் சொல்ல வந்தேன். 1954-இல் பிரிட்டிஷ் அரசு தேசிய சேவைக்குப் பதியச் சொன்னது. எவன் ஆட்சிக்காக நாங்கள் துப்பாக்கி தூக்குவது என்று சீனப் பள்ளி மாணவர்கள் கிளம்பினார்கள். மே 13-இல் போலீசோடு மோதல். ஜூனில் இதே பள்ளிக்குள் ஆயிரக்கணக்கில் புகுந்து மூன்று வாரம் போல் தங்கிவிட்டார்கள். கைதான மாணவர்களுக்கு வாதாடிய வக்கீல்களில் ஒருவர் யார் தெரியுமா? பின்னால் பிரதமரான லீ குவான் இயூ.

யாழினி: நிஜமாவா??

பெரிய அண்ணன்: அவரோடு கட்சி ஆரம்பித்துப் பிறகு எதிரணிக்குப் போன லிம் சின் சியோங் இந்தப் பள்ளியில் படித்தவர்தான்.
1956 இன்னும் மோசம். மாணவர் சங்கத்தை அரசு கலைத்தது, சிலரைக் கைது செய்தது, சிலரைப் பள்ளியிலிருந்து நீக்கியது. உடனே இங்கேயும் சுங் செங் பள்ளியிலும் மாணவர்கள் முகாம் போட்டு உட்கார்ந்தார்கள். முதலமைச்சர் லிம் இயூ ஹொக் கெடு வைத்தார். அக்டோபர் 26 காலையில் கண்ணீர்ப்புகை வீசி உள்ளே போனது போலீஸ். அதற்குள் ஊரே பற்றிக்கொண்டது. 13 பேர் செத்தார்கள்.

நான்: அப்பா சொல்வாரே, ஊரடங்கில் துறைமுகத்திலேயே படுத்துக்கிடந்தேன் என்று. அது இதுதானா?

பெரிய அண்ணன்: இதேதான். அம்மா வீட்டில் விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

அண்ணி: எழுதி எழுதி சோறு ஆறிப்போகிறது. வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட வாருங்கள்.

பெரிய அண்ணன்: ஒரே நிமிடம். 1979-இல் சிறப்பு உதவித் திட்டம் வந்தது. ஒன்பது சீனப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலம், சீனம் இரண்டையும் முதல்மொழித் தரத்தில் கற்பித்தார்கள். அந்த ஒன்பதில் இதுவும் ஒன்று. தொடக்கக் கல்லூரி 1974-லிருந்தே தனியாக இருந்தது. 2005-இல் உயர்நிலைப் பள்ளியையும் கல்லூரியையும் சேர்த்து ஒரே கல்விநிலையமாக்கினார்கள். இப்போது உயர்நிலையில் சேரும் பையன்கள் ஓ லெவல் எழுதாமலே ஆறு வருடம் நேரே ஏ லெவலுக்குப் போகிறார்கள்.

தம்பி: ஒரு காலத்தில் போலீஸ் சுற்றி வளைத்த பள்ளி, இப்போது டியூஷன் மேல் டியூஷன் வைத்து நுழையப் பார்க்கிற பள்ளி. ஆனால் அண்ணா, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து நாலு வருடம் ஒரே இனத்துப் பையன்களோடு மட்டும் படிப்பது நல்லதா? அதை யாரும் கேட்பதில்லை.

பெரிய அண்ணன்: கேட்காமல் என்ன, நாடாளுமன்றத்திலேயே கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அதில் சம்மதமில்லை. சீன மொழி வளரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பக்கத்து பெஞ்சில் ஒரு மலாய்ப் பையனோ தமிழ்ப் பையனோ இல்லாமல் வளர்வது அந்தப் பிள்ளைகளுக்கே நஷ்டம். கல்லூரியில் கடைசி இரண்டு வருடம் கலந்தால் மட்டும் போதாது.

யாழினி: அப்போது என்னோடு பழகுவது அவர்களுக்கு லாபம் 😂

தம்பி: அப்படிச் சொல்லு! நாளை முதல் தீபாவளிப் பலகாரமெல்லாம் உன் பொறுப்பு.

அண்ணி: யாழினி, கேன்டீனில் நமக்குச் சாப்பாடு இருக்குமா?

யாழினி: தெரியவில்லை அத்தை. போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

நான்: முதல் நாள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முதலில் பார். இவளை எழுப்புவது எனக்குத்தான் தெரியும்.

தம்பி: புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டவுன்டவுன் ரயில் தடம் நேரே போகிறது, மாற வேண்டியதே இல்லை. ஆறேகாலுக்கு ஏறினால் போதும்.

யாழினி: ஆறரை 🙄

நான்: ஆறு.