ரென்னெல் வரைந்த சுந்தரவனம் இன்றைய படத்தோடு ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி:
ஆங்கிலேய நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னெலின் 1779ஆம் ஆண்டு வங்காள வரைபடத் தொகுப்பில் உள்ள கங்கைக் கழிமுகத் தாளை, சுந்தரவன அலையாத்திக் காடுகள் வரும் பகுதியை, மூன்று வாரங்களாகச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்க்கிறேன். ஹூக்ளி ஆறு ஓரளவு ஒத்துப்போகிறது. கிழக்கே மாத்லா ஆற்றை நெருங்கினால் வளைவுகளெல்லாம் நழுவுகின்றன. இன்னொன்றும் உறுத்துகிறது. தாளின் தென்பகுதியில், மகர்கள் எனப்பட்ட அரக்கான் கொள்ளையரால் நாடு பாழானது என்று எழுதியிருக்கிறார். அங்கே குடியிருப்பே இருந்ததில்லையா?

பதில் 1:
ஆற்றங்கரையை வைத்து மட்டும் பொருத்தாதீர்கள்! நாளுக்கு இருமுறை கடல் ஓதம் ஏறி வற்றும் இடத்தில் கரை என்பதே ஒரு நேரத்துக் கோடுதான். சேற்றுத்திட்டு சரிவாக இருந்தால் ஓதம் வற்றும்போது நீர்விளிம்பு வெகுதூரம் விலகிவிடும். ரென்னெல் 1764இல் படகேறி அளக்கத் தொடங்கியவர். அவர் எந்த வேளையில் கண்ட கரையை வரைந்தார் என்று தாள் சொல்லாது. பழைய செங்கல் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டு, தாளைச் சிறு துண்டுகளாகப் பொருத்துங்கள்.

பதில் 2:
"பாழானது" என்றாலே முன்பு ஆள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? ராய்திகிக்கு அருகில் ஜடார் தேவுல் என்ற பழைய செங்கல் கோயில் இன்றும் நிற்கிறது. ஆளில்லாத காட்டில் யார் அதைக் கட்டுவார்கள்? ஊர்ப்பெயர்களையும் கேளுங்கள். சந்தேஷ்காலியில் வரும் 'காலி' ஓடையைச் சொல்கிறது. 'டாங்கா' என்றால் மேட்டுநிலம். காக்த்வீப் தீவென்று தானே சொல்லிவிடுகிறது.

ரென்னெலிலிருந்து நேராக இன்றைக்குத் தாவவும் வேண்டாம். 1830 வாக்கில் டாம்பியர் என்ற அதிகாரியும் ஹாட்ஜஸ் என்ற அளவையாளரும் காட்டின் வடவெல்லையை அளந்து குறித்தார்கள். அந்த எல்லையை நடுவில் ஓர் அடுக்காக வையுங்கள். அதற்குத் தெற்கே இன்றிருக்கும் வயல்களில் பெரும்பாலானவை பிற்பாடு காடு வெட்டி, மண்கரை எழுப்பி உண்டானவை. கரை கட்டியதும் ஓதநீர் வராது, வண்டலும் வராது. நிலம் உயராமல் நின்றுவிட, வெளியே ஆற்றுப்படுகை மட்டும் மேடேறும். உள்ளே அடைபட்ட ஓடைகள் வளைந்த நீள்குளங்களாகக் கிடக்கும். அவைதான் பழைய ஆற்றின் தடம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குளங்களை இதுவரை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேற்றிரவு படத்தில் கோசாபா ஊரைச் சுற்றித் தேடினேன்; வயல்களுக்கு நடுவே வில்போல வளைந்த குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கட்டத்துக்குக் கட்டம் அவற்றைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் ரென்னெலின் தாளை மறுபடி விரிப்பேன்.