புதுப்பிப்பு: வெயிலில் தனி ஃப்ளாஷ், கறுப்புப் பட்டை தீர்ந்தது

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/4 (லென்ஸ் துளை அளவு), ஷட்டர் 1/1600 நொடியில், கேமராவில் மாட்டாமல் தள்ளி வைத்த தனி ஃப்ளாஷோடு நண்பர்களை எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஹை ஸ்பீட் சிங்க்கில் (வேகமான ஷட்டருக்கு ஈடாக ஃப்ளாஷ் விட்டுவிட்டுப் படபடவென அடிக்கும் முறை) பட்டை போய்விட்டது. ஆனால் வெளிச்சமும் கூடவே போய்விட்டது. முழு பவரிலும் முகம் இருட்டு, ஃப்ளாஷும் சீக்கிரம் சூடாகிறது.

கைகொடுத்தது என்டி8 ஃபில்டர், அதாவது லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. அது வெளிச்சத்தை 3 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதி) குறைப்பதால் அதே எஃப்/4-இல் ஷட்டர் 1/200-க்கு இறங்குகிறது. என் கேமராவின் சிங்க் வேகமும், அதாவது பட்டை விழாமல் ஃப்ளாஷ் அடிக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகமும், அதுதான். பின்னணி இன்னும் ஒரு ஸ்டாப் இருளட்டும் என்றால் எஃப்/5.6; ஷட்டரைத் தொடாதீர்கள்.

ஒன்று கவனிக்கணும்: ஃபில்டர் ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் சேர்த்தே குறைக்கும். அதை ஈடுகட்ட, ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் குடையைக் கழற்றிவிடுங்கள்; முகத்துக்கும் ஃப்ளாஷுக்கும் உள்ள தூரத்தை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டராக்கினாலே நாலு மடங்கு வெளிச்சம். ஸ்டாண்டை விட, கையில் பிடித்து நிற்கும் நண்பரே மேல். காற்றுக்குச் சாயமாட்டார்.

எதிர்பாராதது: வெயிலில் ஆப்டிகல் ஸ்லேவ் (இன்னொரு ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்துத் தனி ஃப்ளாஷை அடிக்கவைக்கும் முறை) பாதி நேரம் வேலை செய்யவே இல்லை. ரேடியோ அலையில் ஃப்ளாஷை அடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிகர் மாட்டியதும் சரியானது.