பெரியப்பாவுக்காக ஒரு சவுண்ட் மெனு

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் பெரியப்பாவின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். அதனால் எது கோளாறானாலும் எனக்குத்தான் போன் வரும். முக்கால்வாசி 'சத்தம் வரலை' என்றுதான். அதில் இருந்த ஒலி மிக்சரைத் திறந்தால் மாஸ்டர், பிசிஎம், ஃப்ரண்ட், ஹெட்போன், மைக் பூஸ்ட் என்று வரிசையாக ஸ்லைடர்கள். பெரியப்பா எல்லாவற்றையும் மேலும் கீழும் இழுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்.

சரி, சின்னதாக ஒரு மெனு நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2010இல் வந்த உபுண்டு 10.10 என்ற லினக்ஸ் பதிப்பின் சவுண்ட் மெனு ஞாபகம் இருந்தது: ஒரே ஐகான், அதற்குள் ஒரு ஸ்லைடர், பாட்டை நிறுத்த ஒரு பட்டன். பின்னால் ஓடப்போவது, லினக்ஸில் சத்தத்தைக் கவனித்துக்கொள்ளும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளின் பிஏசிடிஎல் (pactl) கட்டளைதான். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன்.

முதல் சொதப்பல் ஸ்லைடரில். பாதிக்கு இழுத்தாலும் சத்தம் குறைந்த மாதிரியே இல்லை. கடைசி ஓரத்தில் திடீரென்று அடங்கியது. பார்த்தால், 50% என்று அனுப்புவதற்குப் பதில் 0.5 என்று அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. 0.5 என்றால் ஒலி அலையின் உயரம் அப்படியே பாதியாகும். குறைவது 6 டெசிபல்தான். 50% என்றால் காது உணர்வதை ஒட்டிக் கணக்குப் போட்டு 18 டெசிபல் குறைக்கும். ஒரு சதவீதக் குறிக்காக இரண்டு ராத்திரித் தூக்கம் போனது.

அப்புறம் மியூட். அது போட்டிருப்பது தெரியாமல் பெரியப்பா ஸ்லைடரை நூறு வரை ஏற்றி வைத்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்குப் பேரன் வந்து மியூட்டை எடுத்துவிட, செய்தி வாசிப்பவர் தெருவுக்கே வாசித்தார். இப்போது ஸ்லைடரைத் தொட்டாலே மியூட் போய்விடும்.

இதையெல்லாம்விடப் படுத்தியது ஒரு வார்த்தை. 'வெளியீட்டுச் சாதனம்' என்று எழுதியிருந்தேன். பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "வெளியீடா? யாருடா புத்தகம் போடுறா?" 'சத்தம் எங்கே வரணும்?' என்று மாற்றி, அடியில் ஸ்பீக்கர், ஹெட்போன், டிவி என்று மூன்றை மட்டும் வைத்தேன். அந்த இடத்தில் அவர் மறுபடி தடுமாறவில்லை.

*வில்லியனூரிலிருந்து ஒருவர்:*
மியூட் என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. எனக்குப் பார்வை கிடையாது. ஆர்கா திரைவாசிப்பான் படிப்பதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன். ஒருமுறை பயிற்சி வகுப்பில் யாரோ மியூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டோடு ஆர்காவும் ஊமை. மியூட்டை எடுக்க மெனுவுக்குப் போகணும். நான் மெனுவில் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டிய குரலே இல்லை! ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் மியூட் எதையெல்லாம் அடக்குகிறது?

*பதில்:*
எல்லாவற்றையும்தான் சார். இது எனக்குத் தோன்றவே இல்லை. பல்ஸ்ஆடியோவில் ஒவ்வொரு புரோகிராமின் சத்தமும் தனித்தனியாக வருவதால், ஆர்காவின் குரலை விட்டுவிட்டு மற்றதை அடக்க வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்கு முன்னால், மெனுவைத் தேடாமலே மியூட்டை எடுக்க கீபோர்டில் ஒரு ஷார்ட்கட் இன்றைக்கே வைத்துவிடுகிறேன்.