10க்கு 9 ரூம்ல சீர் கட்டில், பீரோ, 8 மாச குழந்தை... எப்படி அடக்குறது?

வாணி_வேளச்சேரி:
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு தான் மொதல் தடவ எழுதுறேன். போன மாசம் வேளச்சேரில வாடகைக்கு வந்திருக்கோம், ஒரு பெட்ரூம் வீடு. ரூம் உள்ளளவு 10 அடிக்கு 9 அடி. இதுல எங்கப்பா சீரா செஞ்சு போட்ட தேக்கு கட்டில், வெளியளவு 7 அடிக்கு ஆறேகால் அடி வருது, அப்புறம் ரெண்டு கதவு வெச்ச 3 அடி இரும்பு பீரோ, ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் (அது இப்ப ஹால்ல செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல நிக்குது, பாக்கவே கஷ்டமா இருக்கு).

ரூம் எப்படின்னா, கதவு கிழக்கு சுவத்துல வடக்கு மூலைல இருக்கு, உள்பக்கமா வடக்கு சுவத்த பாத்து தொறக்கும். ஜன்னல் நேர் எதிர்ல, மேற்கு சுவத்துல. கட்டில நடுவுல போட்டு தெக்க தல வெச்சு படுக்குறோம், வடக்க தல வெச்சா அத்தை வீட்டுக்குள்ளயே வர மாட்டாங்க. பீரோ மேற்கு சுவத்தோட ஒட்டி, பாதி ஜன்னல மறைச்சிட்டு நிக்குது. அதுல வலது கதவு மட்டும் தான் தொறக்கும், இடது கதவு கட்டில்ல இடிக்கும், அந்த பக்கம் இருக்குற அவர் சட்டைய எடுக்கணும்னா கைய உள்ள விட்டு துழாவணும். ரூம் கதவும் கட்டில் முனைல தட்டுது. பகல்லயும் லைட்டு போட வேண்டியிருக்கு. ஓனர் ஆணி அடிக்க கூடாது பெயின்ட் அடிக்க கூடாதுன்னு கண்டிஷன். சுவரு வேற கரும்பச்சை. பாப்பாக்கு 8 மாசம், என் பக்கத்துல தான் படுக்குறா. ஏதாவது ஐடியா சொல்லுங்க ப்ளீஸ்.

மொட்டமாடி_ராஜா:
கட்டில வித்துட்டு மெத்தைய தரைல போடுங்க சிஸ்டர், பிரச்சன ஓவர். பேச்சுலரா நாங்க நாலு பேரு இதே சைஸ் ரூம்ல மூணு வருஷம் இருந்தோம், எங்களுக்கு பெருசா தான் இருந்துச்சு 😀

வாணி_வேளச்சேரி:
விக்கிறதா? எங்கப்பா மரம் வாங்கி ஆறு மாசம் காய வெச்சு செஞ்சது அண்ணா, வித்தேன்னு தெரிஞ்சா பேச மாட்டார். வேற சொல்லுங்க.

ஆசாரி_மகன்:
சீர் கட்டில விக்க சொல்றவங்க பேச்ச கேக்காதீங்கமா, இப்ப அந்த வேலைப்பாடு மரத்துல செய்யணும்னா என்ன கூலி கேப்பாங்கன்னு எனக்கு தெரியும். இதுல சிக்கல் கட்டில் சைஸ் இல்ல, அது நடுவுல கிடக்குறது தான். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடி சந்து விட்டிருக்கீங்க, சந்துல ஆளு நடக்கலாமே தவிர ஒரு கதவு தொறக்க முடியாது. அந்த ரெண்டு சந்தையும் சேத்து ஒரே பக்கம் கொண்டு வாங்க.

கட்டில தென்மேற்கு மூலைக்கு தள்ளுங்க, தலைமாடு அதே தெக்கு சுவரு தான். ஆறேகால் போனா கிழக்க மூணே முக்கால் அடி அகலத்துல 9 அடி நீளத்துக்கு காலி தர கிடைக்கும். பீரோவ ஜன்னல்கிட்ட இருந்து எடுத்து தென்கிழக்கு மூலைல, தெக்கு சுவத்துக்கு முதுக காட்டி வைங்க. 3 அடி பீரோ தாராளமா உக்காரும், ரெண்டு கதவும் முழுசா தொறக்கும், முன்னாடி நின்னு துணி எடுக்க எடம் இருக்கும். வடக்க பாத்து தொறக்குற பீரோ, குபேர திசைன்னு உங்க அத்தையே சந்தோஷப்படுவாங்க. ரூம் கதவும் கட்டில்ல இடிக்காது, கணக்கு போட்டு பாத்துட்டேன். ஜன்னலும் முழுசா வெளிய வந்துடும், கரும்பச்சை சுவத்துக்கு அந்த வெளிச்சமே பாதி மருந்து.

தள்ளுறதுக்கு முன்னாடி பழைய பேப்பர ஒட்டி கட்டில் அளவுக்கு ஒண்ணு பீரோ அளவுக்கு ஒண்ணு வெட்டி தரைல விரிச்சு பாருங்க, எங்கப்பா கஸ்டமர் வீட்ல எப்பவும் இப்படி தான் செய்வார். டேப்புல அளந்தா மூளைக்கு புரியும், பேப்பர்ல நடந்து பாத்தா தான் காலுக்கு புரியும்.

இன்னொண்ணு. கால்மாட்டு பலகை எவ்ளோ ஒசரம்? மெத்தைக்கு மேல நின்னுச்சுன்னா ஆசாரிய கூப்ட்டு அத மட்டும் மெத்தை மட்டத்துக்கு எறக்க சொல்லுங்க. சட்டம் போல்ட்டுல தான் நிக்கும், கழட்டி மாட்டிடலாம், தலைமாட்டு வேலைப்பாட்டுல கை வெக்க வேணாம், வெட்டுன பலகைய பத்திரமா வெச்சுக்கோங்க. கால்மாட்டுக்கும் வடக்கு சுவத்துக்கும் நடுவுல 2 அடி இருக்குல்ல, அங்க ஜன்னல் பக்கமா டிரெஸ்ஸிங் டேபிள் போயிடும், கட்டில் ஓரத்துலயே உக்காந்து தல சீவலாம், தனியா ஸ்டூல் வேணாம். ஹைட்ராலிக் கட்டில் வாங்குங்கன்னு யாராவது வருவாங்க, மெத்தையோட தூக்குறதுக்கும் எறக்குறதுக்கும் கைக்குழந்தைய வெச்சிட்டு வேணாம்.

கும்மோணத்துக்காரி:
ஆசாரி தம்பி சொன்னது சரி தான், ஆனா குழந்தைய மறந்துட்டார். கட்டில சுவத்தோட ஒட்டுனா எல்லா அம்மாவும் குழந்தைய சுவரு பக்கம் தான் போடுவோம், விழாதுன்னு. அது தான் தப்பு. மெத்த நாளாக நாளாக நகரும், சுவத்துக்கும் மெத்தைக்கும் நடுவுல ஒரு இடுக்கு விழும், 8 மாசத்து குழந்த உருண்டு போய் அதுல மாட்டிக்கும். தலகாணிய வெச்சு அடைக்கிறேன்னும் சொல்லாத, அது இன்னும் மோசம், மூஞ்சில அழுத்தும். கிழக்க மூணே முக்கால் அடி வருதுன்னார்ல, ராத்திரி அங்க பாய் விரிச்சு கெட்டியா ஒரு விரிப்ப போட்டு நீயும் குழந்தையும் கீழ படுங்க, தரைல படுத்தா விழ எடம் ஏது. கட்டில்ல உன் வீட்டுக்காரர் ராஜா மாதிரி படுக்கட்டும் ஒரு வருஷத்துக்கு. பகல்ல பாய சுருட்டி பீரோ சந்துல நிறுத்திட்டா ரூம் பெருசாயிடும், நம்ம பாட்டிங்க வீட்ல பெட்ரூம்னு ஒண்ணே கிடையாது, பாய விரிச்ச எடம் தான் பெட்ரூம்.

தூளி கட்டுவியா? எந்திரிச்சு உக்கார ஆரம்பிச்சுட்டான்னா தூளிய கழட்டிடு, கவுந்துடும்.

அப்புறம் கட்டிலுக்கு அடில என்ன இருக்குன்னு நீ சொல்லவே இல்ல பாத்தியா? சீர் அண்டா, குத்துவிளக்கு, பித்தள குடம் எல்லாம் அங்க தான இருக்கும்? எனக்கும் அப்படி தான் இருந்துச்சு. அதயெல்லாம் சாக்குல கட்டி பரண் மேல ஏத்து, இல்ல அம்மா வீட்ல போடு. கட்டிலடி தினம் வேணும்ங்கிற துணிக்கு: குழந்த துணி, பெட்ஷீட், டவல். சக்கரம் வெச்ச தட்ட பெட்டி ரெண்டு வாங்கிக்கோ, பெருக்கும்போது இழுத்துடலாம். அந்துருண்ட போடாத, குழந்த இருக்குற ரூம்ல அது ஆகாது, காஞ்ச வேப்பிலையும் வசம்பும் போதும்.

வடபழனி_சிவா:
எல்லாம் ஓகே ஆனா ஒண்ண விட்டுட்டீங்க, அது மேற்கு சுவரு. சித்திர வைகாசில சாயங்காலம் அந்த சுவத்த தொட்டு பாருங்க, ராத்திரி 10 மணிக்கும் சூடு வெளிய விட்டுட்டே இருக்கும், அத ஒட்டி படுக்குறது உங்க வீட்டுக்காரர். பாவம். உள்ள எவ்ளோ கெட்டியா கர்ட்டன் போட்டாலும் வெயில் கண்ணாடிய தாண்டி உள்ள வந்தப்புறம் தான் அது தடுக்கும், ஜன்னலுக்கு வெளிய மூங்கில் தட்டி கட்டுங்க, கிரில்லுலயே கயிறு போட்டு கட்டலாம், ஆணி வேணாம். அப்புறம் ஸ்டிக்கர் கொக்கி பக்கம் போயிடாதீங்க, டிஸ்டெம்பர் அடிச்ச சுவரா இருந்தா பெயின்ட்டோட உரிஞ்சு வரும், நான் அட்வான்ஸ்ல தண்டம் அழுதவன். கதவு மேல மாட்டுற இரும்பு கொக்கி இருக்கு பாருங்க, அதுல நாலு சட்ட நாலு பை தொங்கும். கரும்பச்சைக்கு வெள்ள பெட்ஷீட் மேட்ச், ஆனா குழந்த இருக்குற வீட்ல வெள்ளையா... சென்னிமல பெட்ஷீட்ல இளமஞ்சள் கட்டம் எடுங்க, கற தெரியாது.

வாணி_வேளச்சேரி:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நேத்து பேப்பர் விரிச்சு பாத்து, சாயங்காலம் எதிர் வீட்டு அண்ணாவும் இவரும் சேந்து தள்ளிட்டாங்க. பீரோவோட இடது கதவு தொறந்துச்சு!! அவரோட கல்யாண வேட்டி உள்ள கிடைச்சுது, தொலஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தோம். அக்கா, கட்டிலுக்கு அடில அண்டா மட்டும் இல்ல, ரெண்டு செட்டு இட்லி பான, பிரிக்காத மிக்ஸி ஒண்ணு கூட இருந்துச்சு, உங்களுக்கு எப்படி தெரிஞ்சுதோ. ராத்திரி பாய்ல தான் படுத்தோம், பாப்பா உருண்டு உருண்டு பீரோ வரைக்கும் போயிட்டா, காலைல பாத்தா பீரோ கண்ணாடிய பாத்து சிரிச்சிட்டு கிடக்குறா.

கால்மாட்டு பலகை மெத்தைக்கு மேல ஒரு அடி நிக்குது, அதுல மயில் செதுக்கியிருக்கு. அப்பாகிட்ட ஃபோன்ல கேட்டேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் நானே வந்து அறுத்து தரேன், வேற யாரையும் தொட விடாதன்னு சொல்லிட்டார். அடுத்த ஞாயித்துக்கெழம வர்றாரு. ஆசாரி அண்ணா, அந்த மயில் பலகைய ஆணி அடிக்காம சுவத்துல சாய்ச்சி வெக்க வழி இருக்கா?

ஆசாரி_மகன்:
சாய்க்காதீங்க, குழந்த இழுத்துடும். டிரெஸ்ஸிங் டேபிள் பின்பக்க சட்டத்தோட ரெண்டு ஸ்க்ரூ போட்டு சேத்துட சொல்லுங்க, கண்ணாடிக்கு மேல மயிலு நிக்கும். அப்பா வந்தா என்ன மரம்னு கேட்டு சொல்லுங்க, நிலம்பூர் தேக்கா உள்ளூரா? சும்மா தெரிஞ்சிக்க தான்.