மறு: ‘கிராப்’ – கவாத்தா, ஓரவெட்டா?

> தேயிலையில் வேண்டாததைக் கழிப்பது கவாத்து. படத்துக்கும் அதையே வைத்தால் நீலகிரியில் எல்லோருக்கும் புரியுமே?

அண்ணா, வணக்கம். ஒளிப்படத்தில் வேண்டாத ஓரங்களை வெட்டி நீக்கும் ‘கிராப்’ (crop) வேலைக்குத்தானே தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

கவாத்து நல்ல சொல். ஆனால் கவாத்துக் கத்தி செடிக்குள்ளே புகுந்து காய்ந்த குச்சியையும் எடுக்கும். கிராப் நான்கு ஓரங்களை மட்டுமே தொடும். குன்னூர் ரயில் படத்தில் ஓரமாக நிற்கும் மின்கம்பத்தை அது நீக்கும். பெட்டிகளின் குறுக்கே ஓடும் கம்பியை நீக்காது. அந்த எல்லை சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதால்தான் ‘ஓரவெட்டு’ என்கிறேன். ‘சுருக்கு’ கூடவே கூடாது. சுருக்கினால் முழுக் காட்சியும் சிறிதாகும், ஓரம் வெட்டினால் காட்சியே குறையும்.

சொல்லுக்கான விளக்கக் குறிப்பில், வெட்டுவதால் வரும் இழப்பையும் எழுத வேண்டும். 6000×4000 புள்ளி (பிக்சல்) கொண்ட படத்தை நீள அகலம் இரண்டிலும் பாதியாக்கினால் 3000×2000, 2.4 கோடிப் புள்ளியில் 60 லட்சம்தான் மிச்சம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 10 அங்குல அகலத்தோடு சரி. மூடுபனியில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி எடுத்திருந்தால் புள்ளி இரைச்சலும், அதாவது படத்தில் விழும் மணல்போன்ற பொறிகளும், பெரிதாகத் தெரியும்.

வரிசையும் முக்கியம். முதலில் சாய்வை நேராக்க வேண்டும், ஏனென்றால் படத்தைத் திருப்பும்போதே மூலைகள் போய்விடும். பிறகு பக்க விகிதத்தை (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) மாறாமல் பூட்டிவிட்டு வெட்டலாம்.

எடுத்துக்காட்டுக்கு மலை ரயிலையே வைப்போம். ஓடும் பொருளுக்கு முன்னால் இடம் விட வேண்டும் என்பது பாடம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் ஏறும் ரயிலை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. எஞ்சின் இருக்கும் பக்கமே முன்பக்கம் என்று எண்ணி அங்கே இடம் விட்டு, மறுபக்கத்தை முதல் பெட்டியை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். ரயில் படத்தின் ஓரச் சட்டத்தில் முட்டி நிற்கிறது. இடம் வேண்டியது மேட்டுப் பக்கம்.

— குன்னூர்

> அந்த எல்லை சொல்லிலேயே தெரிய வேண்டும்

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். கவாத்தை விட்டுவிடுகிறேன். ‘ஓரவெட்டுச் சட்டம்’, ‘ஓரம் வெட்டிய படம்’ என்று நன்றாகவே புழங்கும்.

‘கிராப் சென்சார்’ (முழு அளவைவிடச் சிறிய கேமரா உணரி) மட்டும் இதில் சேர வேண்டாம். அதில் காட்சி 1.5 மடங்கு நெருங்கித் தெரிவது உணரியின் அளவால் வருவது, எடுத்த படத்தில் யாரும் எதையும் வெட்டவில்லை. அதற்குச் ‘சிற்றுணரி’ போதும்.

இன்னொன்று: மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள். ஜேபெக்கின் மேலேயே சேமித்துவிட்டால் வெட்டிய ஓரம் திரும்பாது. ரா (raw) கோப்பில், அதாவது கேமரா பதிந்த மூலத் தரவில், வெட்டு வெறும் குறிப்பாகத்தான் பதிவாகும், எப்போது வேண்டுமானாலும் சட்டத்தை அகலமாக்கலாம்.

— கொடைக்கானல்