தில்லி பார்க்கப் பிப்ரவரியா, காலாண்டு லீவா?

மேலமாசி:
மதுரையிலிருந்து குடும்பத்தோடு தில்லி போறோம். அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி இருக்கு. பையன் எட்டாவது, பொண்ணு நாலாவது. ஊர் சுத்த நாலு முழு நாள் கிடைக்கும். ஜனாதிபதி மாளிகைத் தோட்டம், செங்கோட்டை, குதுப்மினார், தேசிய மியூசியம் எல்லாம் பார்க்கணும். லீவு போட்டுப் பிப்ரவரியில் போகலாமா, காலாண்டு லீவில் போகலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை:
பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள்ள போங்க. நீங்க முதலில் எழுதியிருக்கிற தோட்டமே அப்பத்தான் பார்க்கக் கிடைக்கும். முகல் தோட்டம்னு நாம சொல்லிக்கிட்டிருந்ததுக்கு 2023-லிருந்து அம்ரித் உத்யான்னு பேர். பிப்ரவரி தொடக்கத்தில் திறந்து மார்ச் கடைசியில் மூடிடுவாங்க. அதிலும் டூலிப் பூ நிக்கிறது ரெண்டு மூணு வாரம்தான். வெயில் ஏற ஏற இதழ் அகலமா விரிஞ்சு கொட்டிப் போகும்.

கட்டணம் கிடையாது. ஆனா ஜனாதிபதி மாளிகை இணையதளத்தில் நாளும் நேரமும் குறிச்சுப் பதிவு பண்ணணும். சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன், வியாழனில் காலை முதல் நேரம் எடுத்தா நிம்மதியா நடக்கலாம். சென்ட்ரல் செக்ரட்டேரியட் மெட்ரோவில் இறங்கினா 35-ஆம் கேட் வரைக்கும் ஷட்டில் பஸ் ஓடும். பை, சாப்பாட்டு டப்பா, கேமரா, குடை எதையும் உள்ளே விடமாட்டாங்க. செல்போன், பர்ஸ், தண்ணி பாட்டில் போதும். பையை லாட்ஜிலேயே வெச்சிட்டுப் போறதுதான் புத்தி. உள்ளே ஒருவழிப் பாதை, தாண்டிப் போன பாத்திக்குத் திரும்ப முடியாது. அதனால படம் எடுக்கிறவங்க அவசரப்படாம, ஒவ்வொரு பகுதியையும் முடிச்சிட்டு நகரணும்.

தெப்பக்குளம்:
அண்ணே, தோட்டத்துக்கு நீங்க சொல்ற மாசம் சரி, பிள்ளைங்க படிப்புக்குச் சரியில்லை. ரயிலில் போக வர நாலு நாள், அங்க நாலு நாள். முழுப்பரீட்சைக்கு முன்னால ஒரு வாரப் பாடம் போகும். ரெண்டு மணி நேரத்தில் சுத்தி முடிக்கிற ஒரு தோட்டத்துக்காக அவ்வளவு தேவையா?

காலாண்டு லீவு செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் வருது. அப்ப மழை விலகியிருக்கும். வயலில் நெல் அறுத்த தாளை எரிக்கிற புகை அக்டோபர் பாதிக்கு மேலதான் சேர ஆரம்பிக்கும், தீபாவளியை ஒட்டித்தான் மூச்சு முட்டும். இந்த இடைவெளிதான் நமக்குத் தோது.

தோட்டத்துக்கு ஹுமாயூன் கல்லறை இருக்கு. 1565-லிருந்து 1572 வரை கட்டினது. நடுவில் கல்லறை, நாலு பக்கமும் கல்வாய்க்கால், சதுரம் சதுரமாப் பிரிச்ச நிலம். முகலாயர் தோட்டம் போட்ட முறை அதுதான். ஜனாதிபதி மாளிகையில் இருக்கிறது, மாளிகையை வடிவமைச்ச ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் அந்த வாய்க்கால் முறையை எடுத்து ஆங்கிலேயப் பூப்பாத்தியோடு சேர்த்து 20-ஆம் நூற்றாண்டில் அமைச்சது. மூலத்தைப் பார்க்க மாசக் கணக்கு வேண்டாம், முன்பதிவுப் போட்டியும் வேண்டாம். ஒட்டினாப்லயே சுந்தர் நர்சரிங்கிற பூங்கா, 90 ஏக்கர். 2024-ல் திறந்த நிலத்தடி மியூசியம் ரெண்டையும் இணைக்குது. லோதி தோட்டத்துக்குக் காசே இல்லை.

வைகைக்கரை:
தம்பி, லட்யன்ஸ் தோட்டத்தை நகல்னு ஒதுக்கிட முடியாது. வாய்க்கால்கள் வெட்டிக்கிற ஒவ்வொரு இடத்திலும் செம்மணற்கல்லில் தாமரை இலை அடுக்கு மாதிரி நீரூற்று வெச்சிருக்கார். தண்ணி 12 அடி எழும்பும். ஹுமாயூன் கல்லறையில் வாய்க்கால் குறுகல், தண்ணி மெதுவா ஊர்ந்து போகும். ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தாத்தான் 350 வருஷத்தில் என்ன மாறினதுன்னு பையனுக்குப் புரியும்.

அக்டோபர் முதல் வாரத்தில் பகல் வெயில் 35 டிகிரிக்குப் போகும். மதுரைக்காரங்களுக்கு அது பெரிசில்லைதான். ஆனா நிழல் இல்லாத கோட்டை முற்றத்தில் 68 வயசு அம்மாவை நடக்க வைக்கிறதை யோசிங்க. நவராத்திரி சேர்ந்து வந்தா செங்கோட்டை மைதானத்தில் ராம்லீலாங்கிற ராமாயண நாடகம் நடக்கும், சாயந்திரம் சாந்தினி சௌக் பக்கம் நகரவே முடியாது. ஆகஸ்ட் பாதியிலிருந்து ஒரு மாசம் அம்ரித் உத்யானைத் திறக்கிறாங்கதான். ஆனா நம்ம லீவு வர்றதுக்குள்ள அதுவும் மூடிடுது.

ஆனையூர்:
அரைப்பரீட்சை லீவில் போனா ரெண்டு பிரச்சினையும் தீருமே?

தெப்பக்குளம்:
வேண்டவே வேண்டாம். டிசம்பர் கடைசியில் பனிமூட்டம். வண்டி மணிக்கணக்கில் தாமதமாகும், திரும்பி வர்ற நாள் கைவிட்டுப் போகும். காலையில் பத்து மணி வரைக்கும் குதுப்மினார் உச்சியே தெரியாத நாள் உண்டு. இதில் நானும் அண்ணனும் ஒரே கட்சி.

செல்லூர் அக்கா:
மாசத்தைப் பத்தியே பேசுறீங்க. பயணத்தைக் கெடுக்கிறது திங்கட்கிழமை. செங்கோட்டை, தேசிய மியூசியம், அம்ரித் உத்யான், ரயில் மியூசியம், பிர்லா மாளிகையில் இருக்கிற காந்தி ஸ்மிருதி எல்லாத்துக்கும் அன்னைக்கு லீவு. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் தினமும் உண்டு. அதனால நாலு நாளில் திங்கள் விழுந்தா அன்னைக்குக் குதுப்மினாரும் லோதி தோட்டமும் வெச்சுக்கோங்க. ரெண்டும் மெட்ரோ மஞ்சள் பாதையிலேயே இருக்கு. தோட்டத்துக்கு ஜோர் பாக், மினாருக்கு குதுப்மினார் ஸ்டேஷன். மினார் ஸ்டேஷனிலிருந்து இடம் ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல, அம்மாவை நடக்க விடாம ஆட்டோ பிடிங்க. ஆக்ராவும் சேர்த்தா தாஜ்மகாலுக்கு வெள்ளி லீவு.

மினார் 72.5 மீட்டர், 379 படி. 1981-ல் நெரிசலில் பலர் செத்த பிறகு மேலே ஏற விடுறதில்லை. பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. எல்லாரும் இரும்புத் தூண் வேலியைச் சுத்திப் படம் எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. அதைச் சுத்தி நிக்கிற மசூதித் தாழ்வாரத்துக்குள்ள போங்க. பழைய கோயில்களிலிருந்து எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின தூண்கள் அவை. சங்கிலியில் தொங்குற மணி பல தூண்களில் செதுக்கியிருக்கும். ஒரு தூண் வேலைப்பாடு இன்னொண்ணுக்கு ஒட்டாது, உயரம் சரிப்படுத்த ரெண்டு துண்டை ஏத்தியிருப்பாங்க, அந்த இணைப்பைக் கையால தொட்டுப் பார்க்கிற உயரத்திலேயே காணலாம்.

வைகைக்கரை:
திங்கள் விஷயத்தில் அக்கா சொன்னதுக்கு மறுப்பே இல்லை. என் யோசனை, முழங்கால் வலி இருக்கிறதால செங்கோட்டையை விட்டுடுங்க. பாதுகாப்புச் சோதனை வரிசை, உள்ளே நீண்ட நடை. அந்த அரை நாளை தேசிய மியூசியத்துக்குக் கொடுங்க. மூணு மணி நேரத்துக்குக் குறைஞ்சா அது வீண். கீழ்த்தளத்தில் சிந்துவெளிப் பகுதியில் ஒரு மணி நேரம். மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலை வெறும் 10.5 செ.மீ. உயரம். பெரிசா இருக்கும்னு தேடுறவங்க கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிப் போயிடுறாங்க. அடுத்தது செப்புத் திருமேனிகள், அதில் சோழர் நடராசர். சில கூடங்களைப் பராமரிப்புக்கு மூடியிருப்பாங்க, டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே எது திறந்திருக்குன்னு கேட்டுட்டு வரிசையை மாத்திக்கோங்க. கிளம்புறதுக்கு முன்னால ஒரு ஞாயிறு கொந்தகையில் இருக்கிற கீழடி மியூசியத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. பானை ஓட்டுக் கீறலை இங்க பார்த்த கண்ணு அங்க சிந்துவெளி முத்திரை முன்னால தானா நிக்கும்.

தெப்பக்குளம்:
செங்கோட்டையை விடச் சொல்றதை என்னால ஏத்துக்க முடியலை. மதுரைப் பிள்ளைங்க கட்டாயம் பார்க்க வேண்டியதே அதுதான். நம்ம திருமலை நாயக்கர் மகால் 1636. ஷாஜகான் செங்கோட்டையைத் தொடங்கினது 1639. மூணே வருஷ வித்தியாசம், ரெண்டுமே தலைநகரத்து அரண்மனை. மகால் தூண் செங்கல்லில் எழுப்பி மேல சுண்ணாம்புச் சாந்து பூசி மெருகேத்தினது. செங்கோட்டையில் ராஜா மக்களைச் சந்திச்ச திவான்-இ-ஆம் மண்டபத் தூணும் அப்படித்தான் வெள்ளைச் சுண்ணாம்பு மெருகோடு நின்னது. பூச்சு போய், இன்னைக்கு உள்ளே இருந்த செம்மணற்கல் தெரியுது. அதைப் பார்த்துட்டு ராஜா சிவப்புத் தூணில் தர்பார் நடத்தினார்னு நினைச்சுக்கிறோம். மகாலை முதலில் பார்த்துட்டுப் போற பிள்ளை அந்தத் தப்பைப் பண்ணாது.

முழங்காலுக்கும் உங்க கணக்கு தலைகீழா இருக்கு, அண்ணே. செங்கோட்டையில் நடை அதிகம், படி குறைச்சல். லாகூர் கேட், சத்தா சௌக் கடைத்தெரு, மேளம் வாசிச்ச நௌபத் கானா வாசல், திவான்-இ-ஆம் எல்லாம் ஒரே நேர்கோடு, சமதளம். ஹுமாயூன் கல்லறைதான் கஷ்டம். மேடைக்கு ஏறுற படி செங்குத்து, ஒவ்வொண்ணும் நல்ல உயரம், பிடிச்சுக்க வாகா எதுவும் இல்லை. அங்க அம்மா கீழே தோட்டத்தில் உட்காரட்டும். வழியில் வலப்பக்கம் இருக்கிற ஈசாகான் கல்லறை மேடை உயரம் குறைச்சல், அதை அவங்களும் சுத்திப் பார்க்கலாம்.

செல்லூர் அக்கா:
படி விஷயத்தில் தெப்பக்குளம் தம்பி சொல்றதுதான் சரி. ஆனா ஒரே நாளில் செங்கோட்டையும் மியூசியமும் வேண்டாம். கோட்டைக்குக் காலையில் வயலட் பாதையில் லால் கிலா ஸ்டேஷன், மதியம் ஓய்வு, சாயந்திரம் காந்தி ஸ்மிருதி. நம்ம காந்தி மியூசியத்தில் ரத்தக் கறைத் துணியைப் பார்த்த பிள்ளைங்க, அவர் கடைசியா நடந்த பாதையைக் காலடித் தடமாப் பதிச்சிருக்கிறதை அங்க பார்க்கணும்.

மேலமாசி:
ரொம்ப நன்றி. ரயில், டிக்கெட் பத்தியும் சொல்லுங்க.

வைகைக்கரை:
சம்பர்க் கிராந்தி, திருக்குறள் எக்ஸ்பிரஸ் ரெண்டுமே ஹஸ்ரத் நிஜாமுதீன்தான் போகும், புது தில்லி ஸ்டேஷன் இல்லை. முன்பதிவு 60 நாளைக்கு முன்னால திறக்கும். காலாண்டு லீவுன்னா அன்னைக்குக் காலை எட்டு மணிக்கே உட்காரணும், பிப்ரவரியில் அந்த நெருக்கடி கம்மி. இதையும் கணக்கில் எடுத்துக்கோங்க. நள்ளிரவு 12 தாண்டி மதுரையில் ஏறுற வண்டின்னா டிக்கெட்டில் இருக்கிற தேதிக்கு முந்தின நாள் ராத்திரியே ஸ்டேஷனில் இருக்கணும். இதில் வண்டியை விடுற குடும்பங்கள் உண்டு.

தெப்பக்குளம்:
தொல்லியல் துறை இடங்களில் 15 வயசுக்குக் கீழ டிக்கெட் இல்லை. வயசு கேட்டாக் காட்ட ரெண்டு பிள்ளைங்க ஆதாரும் கையில் இருக்கட்டும். பெரியவங்களுக்கு ஆன்லைனில் எடுத்தா கொஞ்சம் குறையும், கவுண்ட்டர் வரிசையும் மிச்சம். நான் இன்னும் காலாண்டு லீவுன்னுதான் சொல்வேன். எட்டாவது பையனுக்கு அந்த வாரம் பரீட்சை முடிஞ்ச மனசு இருக்கும், தூணைப் பார்க்க நேரமும் இருக்கும்.